14 கிலோவுக்கு எந்தக் குழாய்?

"தொண்டைக்குள்ள கொழாய் விடுவியளாமே டாக்டரம்மா, புள்ளைக்கு வலிக்காதா?"

போன செவ்வாய்க்கிழமை ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) வாசலில் ஓர் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பேரனுக்கு 4 வயது, 14 கிலோ. இரண்டு பக்கமும் குடலிறக்கம், லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேஸ் ஏற்றிச் செய்யும் ஆபரேஷன். நான் கொடுக்கும் மயக்க மருந்தில் நன்றாகத் தூங்கின பிறகுதான் விடுவோம், ஒன்றும் தெரியாது ஆச்சி என்றேன். எந்தக் குழாய் என்பதை மட்டும் நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

பையனுக்கு இரண்டு வாரத்துக்கு முன் சளி. இப்போது நெஞ்சு சுத்தம்தான், ஆனால் மூக்கோரம் காய்ந்த தடம் ஒன்று இருந்தது. சளி பிடித்து ஓய்ந்த மூச்சுக்குழாய் கொஞ்ச நாளைக்கு முன்கோபத்தோடு இருக்கும். மூச்சுக்குழாய்க்குள்ளேயே போகும் டியூப் உரசினால் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். குரல்வளைக்கு மேலேயே மாஸ்க் மாதிரி உட்காரும் ஐ-ஜெல் என்ற குழாயில் அந்த வம்பு குறைவு.

எனக்குச் சொல்லிக்கொடுத்த சார் இருந்தால் திட்டியிருப்பார். "லேப்ராஸ்கோப்பியா? பேசாம டியூப் போடு" என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் உண்டு. 1981-இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் உருவாக்கிய முதல் எல்.எம்.ஏ.வில் (குரல்வளை மாஸ்க், ஐ-ஜெல்லுக்கு முன்னோடி) இரைப்பைக் காற்றுக்குத் தனி வழி கிடையாது. வயிற்றில் கேஸ் ஏற்றினால் உதரவிதானம் மேலே தள்ளும், நுரையீரலுக்குக் காற்றை அழுத்தித்தான் அனுப்ப வேண்டும், அந்த அழுத்தத்தில் மாஸ்க் ஓரமாக லீக் ஆகும். பிறகு வந்த புரோசீல் என்ற மாஸ்க்கிலும் ஐ-ஜெல்லிலும் இரைப்பைக்கென்று ஒரு துளை இருக்கிறது.

டியூப்பும் ஒன்றும் பரமசாது இல்லை. முன்பொரு தடவை 2 வயதுக் குழந்தைக்கு கேஸ் ஏற்றியதும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 99-லிருந்து 91-க்கு இறங்கியது. உதரவிதானத்தோடு மூச்சுக்குழாய் பிரியும் இடமும் மேலே ஏறிவிட, நான் சற்று ஆழமாக ஒட்டியிருந்த டியூப்பின் நுனி வலது நுரையீரல் பக்கம் நுழைந்துவிட்டது. ஒரு சென்டிமீட்டர் இழுத்ததும் சரியானது. அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, பையனுக்கு 2-ஆம் சைஸ் ஐ-ஜெல்லைப் போட்டேன். 10 முதல் 25 கிலோ வரைக்கும் அதுதான். பக்கத்துத் துளை வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பைக் காற்றை உறிஞ்சினேன். அப்புறம் வால்வை மூடி, 3 லிட்டர் ஓட்டத்தில் அழுத்தம் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வாயருகே காதை வைத்தேன். 24-இல் 'உஸ்' என்று லீக் ஆனது. அவன் மூச்சுக்கு அப்போது 13 அழுத்தம் போதுமானதாக இருந்தது. வயிற்றில் கேஸ் அழுத்தம் 10-க்கு ஏறியதும் மூச்சுக்கு 18 தேவைப்பட்டது. தலையைத் தாழ்த்தியபோது 21. லீக்குக்கும் எனக்கும் நடுவே மூன்றே புள்ளி.

"சார், கேஸை 8-க்கு இறக்க முடியுமா?"

சர்ஜன் முனகிக்கொண்டே இறக்கினார். மூச்சு அழுத்தம் 18-க்கே திரும்பியது. இறங்காமல் போயிருந்தால் கேஸை வெளியேற்றச் சொல்லிவிட்டு டியூப்புக்கு மாறியிருப்பேன். அதற்காகத்தான் 4.5 சைஸ் கஃப் டியூப்பும் (நுனியருகே ஊதும் பை உள்ளது) குரல்வளையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பும் என் வலது கைப்பக்கம் இருந்தன.

முடிந்து, பையன் தானாக வாயைத் திறந்ததும் ஐ-ஜெல்லை எடுத்தேன். ஓர் இருமல்கூட இல்லை. சிஸ்டர் பிரிக்காத டியூப்பைக் காட்டி, "மேடம், இது அடுத்த கேஸுக்கு ஆகுமா?" என்றார். அடுத்தது 6 வயது, அப்பெண்டிக்ஸ், காலையிலிருந்து வாந்தி. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது, அங்கே ஐ-ஜெல்லுக்கு இடமே இல்லை, டியூப்தான்.

"அதுக்கு 5 சைஸ் டியூப் எடுங்க. சக்‌ஷனையும் ஆன் பண்ணி வைங்க."