சாப்பாட்டு மேசையில் 9-ம் 22-ம்

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் இருக்க வேண்டியதைவிடக் குட்டையாக இருப்பதை பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் 1960-லேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்த ஊரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆனது. குறைந்த துண்டு தொலைந்துவிட்டது என்றுதான் பொதுவாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். குட்டையானது 22-ஆம் குரோமோசோம், அதன் துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று 1973-ல் காட்டியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி.

இடையில் 13 வருடம் ஏன் ஆனது என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய ஸ்லைடைக் கொஞ்சம் கற்பனை செய்துபார்க்க வேண்டும். குரோமோசோமில் குறுக்கு வரிகளைக் காட்டும் வரிச்சாயம் வருவதற்கு முன் குரோமோசோம்கள் முழுக்க ஒரே நிறம். நீளத்தையும் இடுக்கு இருக்கும் இடத்தையும் வைத்து A முதல் G வரை குழுக்களாகத்தான் பிரிக்க முடியும். 21-ம் 22-ம் ஒரே குழு. 9 இருப்பதோ C குழு: 6 முதல் 12 வரை, கூடவே X. பெண்ணின் செல் என்றால் ஏறத்தாழ ஒரே அளவில் 16 குரோமோசோம்கள். அதில் ஒன்றின் நுனி சற்று நீண்டிருந்தால் யார் கண்ணில் படும்?

1970-ல் ஸ்வீடனிலிருந்து குயினகிரின் சாயம் வந்தது. மலேரியா மருந்தாக இருந்த அதே பொருள்தான். ஒளிரும் வரிகள் ஒவ்வொரு குரோமோசோமிலும் வேறு வேறாக இருப்பதால் 9 எது, 10 எது என்று சொல்லலாம். கணவரோடு ஆக்ஸ்ஃபோர்டு போயிருந்தபோது ரௌலி இதைக் கற்றுக்கொண்டு வந்தார்.

ஸ்லைடு தயாரிப்பதில் எங்கே வேண்டுமானாலும் சறுக்கலாம். கோல்ச்சிசின் சேர்த்து, பிரியும் நடுக்கட்டத்தில் செல்லை நிறுத்த வேண்டும். நேரம் கூடினால் குரோமோசோம் சுருங்கி வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் செல்லை ஊதவைப்பது. குறைவாக ஊதினால் குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். மிஞ்சினால் செல் வெடித்து 46 என்ற கணக்கே தவறும். அப்புறம் செல்லை அப்படியே உறையவைத்துப் பாதுகாக்க 3 பங்கு மெத்தனால், 1 பங்கு அசிட்டிக் அமிலம். அதை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். குயினகிரினுக்கு இன்னொரு தொல்லை: பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி மங்கும். அதனால் உடனே படம் எடுத்து, படத்தில்தான் ஆராய முடியும்.

ரௌலி அந்தப் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, குரோமோசோம்களைத் தனித்தனியாகக் கத்தரித்து, சாப்பாட்டு மேசையில் ஜோடி சேர்த்தார். நான்கு பிள்ளைகளின் தாய். பல வருடங்கள் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே வேலைக்குப் போனவர். மருத்துவப் படிப்பில் 65 இடங்களில் பெண்களுக்கு 3 மட்டுமே என்று இருந்த காலத்தில், அந்த மூன்றும் நிரம்பிவிட்டதால் அடுத்த சேர்க்கைவரை காத்திருந்து படித்து 1948-ல் மருத்துவரானார். பகுதிநேர வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு தடையாகவே சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே படத்தை அவசரமில்லாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் இந்த வேலைக்கு வேண்டியது.

1972-ல் முதலில் கிடைத்தது 8-ம் 21-ம் துண்டுகளை மாற்றிக்கொண்ட இடமாற்றம், கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோயில். ஒரு பெரிய மருத்துவ இதழ் அதைத் திருப்பி அனுப்பியது. பிரெஞ்சு இதழ் ஒன்றில் வெளிவந்தது. அடுத்தது 9-22.

அந்த இரண்டாவது ஆய்வில் நான் பெரிதும் மதிப்பது சரிபார்ப்பைத்தான். நீண்ட 9 பிறவியிலேயே வந்ததாகவும் இருக்கலாமே? அதே நோயாளிகளின் நோயில்லாத செல்களில் 9 இயல்பாகவே இருந்தது. ஆகவே மாற்றம் நோயோடு வந்தது. இங்கே ஒரு நுணுக்கம். ஆய்வகத்தில் ரத்தச் செல்களை வளர்க்கும்போது, செல்லைப் பிரியத் தூண்டும் பைட்டோஹீமாக்ளுட்டினின் சேர்த்தால் பிரிவது லிம்போசைட்டுகள் என்ற நல்ல வெள்ளணுக்கள். இயல்பான செல்லைப் பார்க்க அது வசதி. நோய்ச் செல்லைத் தேடும்போதும் அதைச் சேர்த்துவிட்டால், நல்ல செல்கள் பெருகி நோயை மறைத்துவிடும். அதற்கு எலும்பு மஜ்ஜையையோ, தூண்டாத ரத்தத்தையோதான் எடுக்க வேண்டும்.

9-இலிருந்து 22-க்கும் ஒரு துண்டு போகிறது. மைக்ரோஸ்கோப்பில் தெரியாத அளவுக்குச் சிறியது. 1982-லேதான் மூலக்கூறு முறையில் பிடிபட்டது. அதில் போவது ஏபிஎல் (ABL) மரபணு. 22-இல் பிசிஆர் (BCR) மரபணுவோடு இணைந்து, அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நொதியை அது உண்டாக்குகிறது. அந்த நொதியை அடைக்கும் இமாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001 மே மாதம் அனுமதி கிடைத்தது.

1977-ல் ரௌலி குழு சொன்ன 15-17 இடமாற்றம், ரத்தப் புற்றுநோயின் கடும் ப்ரோமைலோசைட்டிக் வகைக்கே உரியது. வைட்டமின் ஏ வழிவந்த பொருளை செல்லில் பற்றிக்கொள்ளும் வாங்கிப் புரதத்துக்கான மரபணு அங்கே உடைகிறது. சீனாவில் வாங் ஜென்யி வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாயிக் அமிலத்தை இந்த நோய்க்குக் கொடுக்கத் தொடங்கியது 1985-ல்; உடைவது அந்த மரபணு என்று அப்போது யாருக்கும் தெரியாது.