வினாடிக்கு 8 ஆயிரம் கன அடி

மழைக்காலச் செய்திகளில் தினமும் ஒரு வரி வரும்: தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி. ஒகேனக்கல் கிளம்புகிறவர்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார்கள். எண் ஏறினால் குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அருவியைப் படம் எடுக்க நானும் அக்கா மகனும் தருமபுரியில் பஸ் ஏறிய காலையில் அந்த எண் 8 ஆயிரம். அருவி நிறைந்து விழவும் பரிசல் ஓடவும் தோதான அளவு.

தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை, வளைவுக்கு வளைவு குரங்குகள். இறங்கியதும் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். புரட்டாசி என்பதால் மீன் வறுக்கும் கடைகளில் மட்டும் கூட்டம் இல்லை.

ஹொகே என்றால் கன்னடத்தில் புகை. ஹொகேனக்கல், புகையும் கல். நான் மனதில் வைத்துக்கொண்டு போன படமும் புகைதான். ஷட்டரைச் சில நொடி திறந்து வைத்து, தண்ணீர் பால் போலவும் பட்டு போலவும் வழியும் அந்தப் படம். அதற்காகவே 64 மடங்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

முதலில் தொங்குபாலத்தில் ட்ரைபாடை விரித்தேன். அது தவறு. பத்துப் பேர் நடந்தால் பாலமே லேசாக ஆடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டம் ஒரு நொடிப் படத்தில் பாறையை இரண்டு பாறையாக்கிவிட்டது. ஆள் இல்லாத இடைவெளிக்காகக் கால்மணி நேரம் காத்திருந்து பார்த்தேன், அப்படி ஓர் இடைவெளி வரவே இல்லை. சரி என்று மடக்கிக்கொண்டு, கரையில் பாறையோடு சேர்த்துக் கட்டிய ஒரு மேடைக்குப் போனோம். கீழே திடமான தரை, எதிரே அருவி. லென்ஸில் இருந்த அதிர்வு நீக்கும் வசதியை அணைத்தேன். ட்ரைபாடில் இருக்கும்போது சில லென்ஸ்களில் அதுவே படத்தைக் குழப்பிவிடும். பட்டனை விரலால் அழுத்தும்போது வரும் ஆட்டத்துக்கு 2 நொடி டைமர்.

மேகம் மூடியிருந்தது, அது பெரிய உதவி. ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 100, லென்ஸ் திறப்பை எஃப்/11 என வைத்தால் ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் 1/30 நொடி வந்தது. ஃபில்டரைப் போட்டதும் 2 நொடி. எடுத்தேன். நான் ஆசைப்பட்ட அதே படம். வெள்ளைத் துணியை விரித்தது போல அருவி, கீழே பனிமூட்டம். கேமராத் திரையைப் பார்த்த அக்கா மகன், "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா கீழ குற்றாலம்னு போட்டாலும் நம்பிடுவாங்க" என்றான்.

அது உறைத்தது. எதிரில் காவிரி காதை அடைக்கிற மாதிரி பாறையில் மோதிக்கொண்டிருக்கிறது. படத்தில் பஞ்சு. ஏன் அப்படி என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் தரைக்கு வர ஏறக்குறைய 2 நொடி ஆகும். என் ஷட்டரும் 2 நொடி திறந்திருந்தது. அவ்வளவு உயரமான அருவியென்றால், உச்சியில் கிளம்பிய துளி அடியைத் தொடும்வரை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கும். அதன் மேலேயே அடுத்த துளி, அதன் மேல் அடுத்தது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டால் எழுத்து எப்படித் தெரியும்?

ஃபில்டரைக் கழற்றிவிட்டு நேர் எதிரான வேகத்துக்குப் போனேன். ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6, 1/1000. இப்போது தண்ணீர் அப்படியே நின்றது. 5 மீட்டர் விழுந்த தண்ணீருக்கு நொடிக்கு 10 மீட்டர் வேகம் வந்துவிடும். 1/1000 நொடியில் அது நகர்வது வெறும் 1 சென்டிமீட்டர். தூரத்திலிருந்து எடுக்கும்போது அந்த நகர்வு தெரியாது. பாறையில் பட்டுச் சிதறிய துளிகள் உடைந்த கண்ணாடி போல் தனித்தனியாக நின்றன. நான் புகை என்று நினைத்தது துளித் துளியாகப் பிரிந்து கிடந்தது. ஆச்சரியமான படம்தான். ஆனால் எந்தத் துளி மேலே போகிறது, எது கீழே வருகிறது என்று அதில் தெரியவில்லை.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் அன்று மத்தியானம் வரை கழிந்தது. 1/250, 1/125, 1/60. பெரிய மாற்றம் இல்லை, துளிகளுக்குச் சின்ன வால் முளைத்தது. 1/30 கொஞ்சம் தடுமாறியது. உறைந்தும் இல்லை, ஓடியும் இல்லை, ஃபோகஸ் தவறிய படம் போல இருந்தது. அப்புறம் போலரைசர் என்ற இன்னொரு ஃபில்டரை மாட்டினேன். ஈரப் பாறையின் பளபளப்பைப் போக்கத்தான் மாட்டினேன், பாறையின் பழுப்பு நிறம் எழுந்து வந்தது. கூடவே அது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றதால் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) 1/12 கிடைத்தது.

அந்தப் படம் திரையில் வந்ததும் இருவரும் பேசவில்லை. தண்ணீர் நார் நாராகப் பிரிந்திருந்தது. எந்தப் பாறையில் மோதி எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே கனம், எங்கே மெலிசு என்று ஒவ்வொரு இழையையும் விரலால் பின்தொடரலாம். 5 மீட்டர் விழுந்த தண்ணீர் 1/12 நொடியில் சுமார் 80 சென்டிமீட்டர் போயிருக்கும். அந்த 80 சென்டிமீட்டர் கோடுதான் அதன் வேகத்தைச் சொல்கிறது. அதற்குப் பிறகு 1/8 முதல் 1/15 வரைக்குள்ளேயே அறுபது எழுபது படம் எடுத்தேன். வெள்ளை நுரை வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொண்டேன். நுரை ஒருமுறை வெறும் வெள்ளையாகிவிட்டால் அதற்குள் இருந்த இழைகளைக் கம்ப்யூட்டரில் மீட்க முடியாது. சாரலில் லென்ஸ் நனைந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துடைப்பு.

அக்கா மகன் காலையில் பார்த்த 8 ஆயிரத்தை மறக்கவில்லை. "வினாடிக்கு 8 ஆயிரம் கன அடின்னா உங்க ஒரு படத்துக்குள்ள எவ்வளவு தண்ணி மாமா?" என்றான். ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆறு முழுவதற்கும் வைத்துப் பார்த்தால், 1/1000 படம் திறந்து மூடுவதற்குள் 8 கன அடி, அதாவது ஒரு நீல டிரம்மைவிடக் கொஞ்சம் கூட. 1/12 படத்தில் ஏறக்குறைய 19 ஆயிரம் லிட்டர், ஒன்றரைத் தண்ணி லாரி. என் 2 நொடிப் படத்துக்கு நாலரை லட்சம் லிட்டர், 37 லாரி. அத்தனையையும் ஒரே படத்தில் கொட்டிவிட்டுப் பஞ்சாகிவிட்டதே என்று வருத்தப்பட்டிருக்கிறேன்.

மூன்று மணிக்குப் பரிசல். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் பரிசல்காரர் ஒரே துடுப்பில் பாறைகளுக்கு நடுவே கொண்டுபோனார். ட்ரைபாடுக்கு அங்கே வேலை இல்லை. சுவர் போல நிற்கும் பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் அமைதியாக இருந்த இடத்தில், "கேமராவ நெஞ்சோட புடிச்சுக்குங்க சார், சுத்தப் போறேன்" என்றார்.

சுற்றினார். ஷட்டரை 1/15க்கு வைத்து, அகல லென்ஸில், பார்க்காமலே அழுத்தினேன். நானும் கேமராவும் பரிசலோடு சேர்ந்து சுற்றுகிறோம். அதனால் பரிசலின் மூங்கில் விளிம்பும் எதிரே சிரிக்கும் அக்கா மகனின் முகமும் அசையாமல் நிற்க, அவனைச் சுற்றி ஆறும் பாறையும் வானமும் வட்ட வட்டமாகக் கோடு இழுத்திருந்தன. ஓடும் தண்ணீரை எடுக்க நாள் முழுவதும் அசையாமல் நிற்கப் பாடுபட்டவனுக்கு, கடைசியில் நின்றிருந்த தண்ணீரே ஓடியது. 1/8 வைத்தபோது பரிசலின் குலுங்கலில் அவன் முகமும் கலைந்தது. 1/60இல் சுற்றுவதே தெரியவில்லை. எடுத்த இருபத்திரண்டில் இரண்டு தேறின. அதில் ஒன்றை அக்கா பிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள்.

இப்போது என் நோட்டில் ஷட்டர் வேகத்துக்குப் பக்கத்தில் நீர்வரத்தையும் குறிக்கிறேன். அன்றைய பக்கத்தில் "8 ஆயிரம், 1/12" என்று இருக்கிறது. ஆடியில் 20 ஆயிரம் வரும்போது திரும்பப் போக வேண்டும். அப்போது பரிசல் ஓடாமல் போகலாம், அதே மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். அவ்வளவு தண்ணீருக்கு அதே 1/12 சரிப்படுமா, இல்லை இழைகள் எல்லாம் கலந்து 1/25க்குப் போக வேண்டியிருக்குமா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அக்கா மகன் அந்த வாரத்துக்கு இப்போதே என் பழைய ட்ரைபாடைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான்.