61 வருடம் கழித்து வந்த ஜாக்கெட்

பக்கத்து வீட்டுப் பெரியவரை, அவர் ஆடிய பள்ளி ஃபுட்பால் அணிக்கு நடந்த மரியாதைக்குக் கூட்டிப்போய் ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்ஸிக்காரரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெக்சஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், லூசியானா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது போமான்ட். அங்கே மோட்டலில் தங்கியிருந்தோம். நாங்கள் போக வேண்டிய மைதானம் அங்கிருந்து 25 மைல் தள்ளி, ஒரு சின்ன ஊரில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆப்பில் ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. மோட்டல் முன்மேசையில் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். 50 டாலர் என்றார் அந்த ஆள். சரி என்றேன். மைதான வாசலில் இறங்கும்போது 90 கேட்டார். ஏன் என்றால், திரும்பும்போது காலியாக வர வேண்டுமாம், வெள்ளிக்கிழமை ரேட்டு வேறாம். என் கூட வந்தவருக்கு வயது 78. கோட்டு சூட்டு போட்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்து, ஆறரை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்ற பதற்றத்தில் நிற்கிறார். அவரை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது என்று தெரிந்தே கேட்ட பணம் அது. கொடுத்தேன். அது அநியாயம். ஏறும் முன்பே இரவுக்கு எவ்வளவு, திரும்பும் வழிக்கு எவ்வளவு என்று குறுஞ்செய்தியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினத்தவர். நாங்கள் குடிவந்த முதல் வாரமே தன் மரத்து பீக்கன் கொட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தவர். எனக்கு அவர் ‘சார்’, அவருக்கு நான் ‘தம்பி’ மாதிரி. அவர் ஃபுட்பால் ஆடியவர் என்பது பத்து வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் படித்த ஊரில், அக்டோபரில் நடக்கும் பள்ளி ஆட்டத்தின் இடைவேளையில், 1964 அணியில் உயிரோடு இருப்பவர்களை மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்யப்போகிறார்களாம். மகள் சிகாகோவில், அவரால் வர முடியாது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு இவர் ஹைவேயில் ஓட்டுவதில்லை. என் காரோ கியர்பாக்ஸ் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. இருந்தாலும் நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஆட்கள் சிலருக்கு ஒரு குழப்பம் வரலாம். இது நாம் காலால் உதைத்து ஆடும் பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும், எறியும், மோதும் ஆட்டம். 100 கஜ மைதானம், பக்கத்துக்கு 11 பேர், 4 முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். டெக்சஸில் இதைப் பள்ளி விளையாட்டு என்று சொன்னால் போதாது. வெள்ளிக்கிழமை இரவு ஊரே மைதானத்தில்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் 2012-இல் ஒரு பள்ளி ஸ்டேடியம் திறந்தார்கள். 18,000 இருக்கை, செலவு 6 கோடி டாலர். ஒரு பள்ளிக்கூடத்துக்கு! என் பெண்ணோடு அங்கே ஆட்டம் பார்த்திருக்கிறேன். பெரியவரைக் கூப்பிட்டபோது ஒருமுறைகூட வந்ததில்லை. காரணம் இந்தப் பயணத்தில்தான் புரிந்தது.

விமானம் இருவருக்கும் பார்த்தால் 600 டாலரைத் தாண்டியது. வாடகைக் காரும் மூன்று நாளைக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டேன். பஸ்ஸில் தலைக்கு 58 டாலர். டாலஸிலிருந்து ஹூஸ்டன், அங்கே மாறி போமான்ட். அந்தக் கணக்கு தப்பு, மகா தப்பு.

காலை 7 மணி பஸ் 9:40-க்குக் கிளம்பியது. ஏன் தாமதம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனால் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏசி ஐஸ்பெட்டி மாதிரி. குறைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன், ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர் கைக்குட்டையை விரித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தபோது எங்கள் அடுத்த பஸ் போய் 45 நிமிஷம் ஆகியிருந்தது. இரும்பு பெஞ்சில் மூன்று மணி நேரம். மிஷினில் வாங்கிய சாண்ட்விச் 9 டாலர், ரப்பரைக் கடித்த மாதிரி. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தயவுசெய்து இந்த வழியில் போகாதீர்கள்.

போமான்டில் இறங்கும்போது இரவு 7 மணி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடை. அக்டோபரிலும் சென்னை மாதிரி கசகசப்பு, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். “இன்றைக்கு வியாழன் இல்லையா? இந்த நேரத்துக்குத்தான் நாங்கள் இறங்குவோம்” என்றார்.

வெள்ளிதானே ஆட்ட நாள் என்று கேட்டேன். அப்புறம் மோட்டல் அறையில் இரவு பதினொன்று வரை அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது டெக்சஸில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள். வெள்ளி இரவு வெள்ளையர் பள்ளிகளுக்கு. மைதானம் அவர்களுடையது, விளக்கு அவர்களுடையது. கறுப்பினப் பள்ளிகளுக்குப் புதன், வியாழன்தான் மிச்சம். மாநிலப் பள்ளிகளின் விளையாட்டை நடத்திய அமைப்பு இவர்களைச் சேர்க்காது. அதனால் 1920-இலேயே இவர்கள் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். பிரெய்ரி வியூ என்ற கறுப்பினக் கல்லூரியின் கீழ் நடந்ததால் பின்னாளில் பிரெய்ரி வியூ பள்ளிகள் லீக் என்று பெயர். ஹூஸ்டனில் யேட்ஸ், வீட்லி என்ற இரண்டு பள்ளிகள் நன்றி நவிலல் நாளில் மோதினால் 30,000 பேர் வரை கூடுவார்களாம். பள்ளிப் பையன்கள் ஆட்டத்துக்கு! இப்படிப் பிரித்து வைத்த டெக்சஸில், பிரித்து வைக்கப்பட்டவர்களே கூட்டிய கூட்டம் அது.

அந்த லீக்கில் ஆடியவர்கள் யார் யார் என்று பாருங்கள். தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை பிட்ஸ்பர்க் அணிக்காக 4 முறை வென்ற ஜோ கிரீன், டெம்பிள் ஊரின் டன்பார் பள்ளிப் பையன். 1967-இல் தொழில்முறை அணிகள் நாடு முழுக்கக் கல்லூரி வீரர்களைத் தேர்வு செய்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்ட பப்பா ஸ்மித் இதே போமான்ட், சார்ல்டன் பொல்லார்ட் பள்ளி. அங்கே அவருக்குப் பயிற்சி கொடுத்தது அவர் அப்பாவே. எதிர்ப்பள்ளி ஹீபர்ட்டில் ஆடிய ஜெரி லெவையஸ், சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற லீக்கின் கல்லூரிகளில் ஃபுட்பாலுக்காக உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர்; கொலை மிரட்டலுக்கு நடுவே ஆடினார். இவர்கள் பெயர் தெரியும். கூட ஆடிய ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்?

1960-களின் பிற்பாதியில் பெரிய அமைப்பின் கதவு திறந்தது. 1970-இல் லீக் முடிந்தது. பள்ளிகளை இணைத்தபோது பெரும்பாலும் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிகள்தான். பெரியவரின் பள்ளியும் போனது. “கோப்பை, போட்டோ எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது” என்றார். அவர் ஆடியதற்கு ஒரு புகைப்படம் கிடையாது. அவர்கள் போட்டுக்கொண்டது பக்கத்து வெள்ளைப் பள்ளி கழித்துப்போட்ட தோள்கவசம், தேய்ந்த ஷூ. அணியில் இடம்பிடித்த பையனுக்குப் பள்ளியின் முதல் எழுத்தைத் தைத்த ஜாக்கெட் கொடுப்பது இங்கே பெரிய கௌரவம். இவர்கள் பள்ளியில் அதற்குப் பணம் இல்லை. “வெள்ளைப் பையன்கள் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் போவார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

வெள்ளி மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையே வீண். மோட்டலிலிருந்து பத்து நிமிஷ நடை. பலகைகூட மங்கிப்போன கடை, ஆறு மேசை. பெரியவரே ஆர்டர் செய்தார். முதலில் கம்போ. மாவை எண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து, வெண்டைக்காய், கோழி, இறால் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு, நடுவில் ஒரு குத்து வெள்ளைச் சாதம். அந்தப் பெயரே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். முதல் வாயிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காரம் இருக்கிறது, வழவழப்பு இருக்கிறது, குழம்பு சாதத்தில் ஊறியிருக்கிறது. இந்த நாட்டில் ஓட்டலில் சாப்பிட்டு இப்படி ஒரு நிறைவு எனக்குக் கிடைத்ததில்லை. அப்புறம் லிங்க்ஸ். பூண்டும் மிளகாயும் போட்டு அரைத்த மாட்டிறைச்சியைக் குடலில் அடைத்துப் புகையில் வேகவைத்தது. தோல் கடிபடாது, கீறி உள்ளே இருப்பதை ரொட்டியில் பிதுக்கிச் சாப்பிட வேண்டும். சிவப்பாக எண்ணெய் வழியும், கை கழுவினாலும் சாயங்காலம் வரை பூண்டு வாசனை போகாது. இரண்டு பேருக்கும் சேர்த்து 31 டாலர். பஸ் நிலைய சாண்ட்விச்சை நினைத்துப் பாருங்கள்! போமான்ட் பக்கம் போனால் சங்கிலிக் கடைகளைத் தாண்டிப் போய் இந்த இரண்டையும் தேடிச் சாப்பிடுங்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். போனில் டிக்கெட் எடுக்க வேண்டும். மரியாதை பெறுபவருக்கு இலவசம், கூட வந்தவருக்கு 10 டாலர். மூதாட்டி ஒருவர், கணவரை அழைத்துவந்தவர், கையில் 20 டாலர் நோட்டை வைத்துக்கொண்டு வாசலில் தவித்தார். என் போனில் எடுத்துக் கொடுத்தேன். கௌரவிக்கக் கூப்பிட்டவர்களின் வீட்டாரை வாசலில் நிறுத்தலாமா? எனக்கு ரொம்பக் கோபம் வந்தது.

1964 அணியில் வந்தது 7 பேர். ஒருவர் சக்கர நாற்காலியில். இரண்டாம் கால்பகுதி முடியும்போது அவர்களைக் கோட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். இடைவேளை வந்ததும் கேலரியில் பாதிப்பேர் எழுந்து நாச்சோஸ் வாங்கப் போய்விட்டார்கள். பள்ளியின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது என் பின்னால் இருந்த பையன் “அப்படி ஒரு பள்ளி இருந்ததா?” என்று அப்பாவைக் கேட்டான். அப்பாவுக்கும் தெரியவில்லை.

ஆனால் பேண்டு வாத்தியப் பிள்ளைகள் இருந்தார்களே! அடுத்து அவர்கள் நிகழ்ச்சி. நூறு பேருக்கு மேல் ஓரத்தில் அணிவகுத்து நின்றவர்கள், ஒவ்வொரு பெயருக்கும் முரசை ஒருமுறை அடித்தார்கள். பெயர், சட்டை எண், ஆடிய இடம். பெயர், சட்டை எண், ஆடிய இடம். பெரியவரின் பெயர் ஐந்தாவது. எண் 34. கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். மைதானத்தின் நடுக்கோடு வரை தடியில்லாமல் நடந்தார். அங்கே ஒரு பெண்மணி அட்டைப்பெட்டியைத் திறந்து ஊதா நிற ஜாக்கெட்டை எடுத்தார். நெஞ்சில் மூடிப்போன பள்ளியின் எழுத்து. கையைப் பிடித்து நுழைத்து மாட்டிவிட்டார். போட்டோ எடுக்கத்தான் போனைத் தூக்கினேன். கண் மறைத்ததில் எடுத்தது பாதி ஆடிப்போய் இருக்கிறது. பரவாயில்லை, அவர் ஆடியதற்குச் சாட்சியாக ஒரு படமாவது இருக்கிறது.

அவர்கள் திரும்பிவந்தபோது கேலரி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் காத்திருந்தார். “34 நீதானா? வியாழக்கிழமை, மழை, கடைசி நிமிஷம். என்னைத் தள்ளிவிட்டு ஓடினாயே?” என்றார். எதிரணியில் ஆடியவர். பெரியவர் அவரை உற்றுப் பார்த்தார். “நீ என் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தாய். நடுவர் பார்க்கவில்லை” என்றார். 61 வருடத்துக்கு முந்தைய ஃபவுல்! இருவரும் வேலிக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டாம் பாதி ஆட்டத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்றும் தெரியாது.

இரவு அந்தக் கிழவரின் பேரன் தன் பிக்கப்பில் எங்களை மோட்டலில் கொண்டுவந்து விட்டான். பெட்ரோலுக்கு 20 டாலர் நீட்டினேன், வாங்கவில்லை. மறுநாள் காலை அவனே வந்து பழைய பள்ளி இருந்த இடத்துக்கும் கூட்டிப்போனான். சிமெண்டுப் படி நான்கு, புல், ஒரு வேலி. பெரியவர் படியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

செலவு கேட்பவர்களுக்கு: பஸ் இருவருக்கும் போக வர 232, மோட்டல் இரண்டு இரவு 168, டாக்ஸி அந்த 90, சாப்பாடு, டிக்கெட், மற்றது 140 சுமார். மொத்தம் 630 டாலர். விமானச் செலவை மிச்சம் பிடித்ததற்கு, ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் வதைபட்டதுதான் பலன். மொத்தச் செலவில் பாதியைப் பெரியவர் நேற்று உறையில் போட்டுக் கதவடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுபோனேன். வாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டு நாள்காட்டியைக் காட்டினார். அடுத்த அக்டோபரில் அந்தக் கிழவரின் பள்ளிக்கு இதே மாதிரி செய்யப்போகிறார்களாம்.

“போகலாமா?” என்றார்.

காரில்தான் என்று சொல்லியிருக்கிறேன்.