90 மில்லிவோல்ட்

2024 அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி அம்மா போன் செய்தார். ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் டெல்லிக்கு வந்திருக்கிறார், இரண்டு நாடும் சேர்ந்து பசுமை ஹைட்ரஜனுக்கு ரோட்மேப் வெளியிட்டிருக்கிறது என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்ததாம். "ஹைட்ரஜன்னு சொன்னாங்க, ஜெர்மனின்னு சொன்னாங்க. அது உன் வேலைதானே? உன்னைக் காட்டுவாங்களா?" என்று கேட்டார்.

காட்டமாட்டார்கள் அம்மா என்றேன். அன்று மதியம்தான், ஜெர்மனிக்கு அனுப்ப நான் கட்டி வைத்திருந்த பார்சலைத் தொடவே மாட்டேன் என்று கூரியர்காரர் திருப்பித் தந்திருந்தார்.

அந்தக் கூட்டு ஆய்வுத் திட்டத்தில் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன். இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஹைட்ரஜனுக்காக நாடுகள் கைகோப்பது புதிதில்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் கீழ் 1977-லேயே ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கிவிட்டது. 2003-இல் அமைந்த ஹைட்ரஜன் பொருளாதாரக் கூட்டமைப்பில் இந்தியாவும் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. இதெல்லாம் எங்கள் ப்ரபோசலின் முதல் பக்கத்தில் நானே தட்டச்சு செய்த வரிகள். கஷ்டம் ஆரம்பித்தது இரண்டாம் பக்கத்திலிருந்து.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி எலக்ட்ரோலைசர். அதில் அமிலத் தன்மையுள்ள சவ்வை வைக்கும் வகை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஆக்ஸிஜன் வரும் பக்கத்துக்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுக்க ஆண்டுக்கு 7, 8 டன்தான் கிடைக்கும் உலோகம், பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. காரத்தில் இயங்கும் சவ்வை வைத்தால் நிக்கலே போதும். நிக்கல் எலக்ட்ரோடு, அதாவது மின்முனை, செய்வது நாங்கள். சவ்வும், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் வசதியும் அவர்களிடம். இரண்டு பக்கமும் தலா ஒரு ஆய்வகம், ஒரு கம்பெனி. குருகிராமில் இருக்கும் இந்தோ-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம் இதை 2+2 என்று அழைக்கிறது, எங்களுடையதும் அதே வடிவம்தான். பணம் எந்தத் திட்டத்திலிருந்து வந்தது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ப்ரபோசல், நேர்காணல் எல்லாம் வழக்கம்போலத்தான். எட்டு மாதம் தின்றது ஒப்பந்தம். தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்பதிலேயே நான்கு மாதம் போனது. அதைவிட முக்கியமான ஒரு இடத்தை நாங்கள் கவனிக்காமல் விடப் பார்த்தோம். திட்டத்துக்கு முன்பே யாரிடம் என்ன அறிவு இருந்தது என்று ஒரு இணைப்புப் பட்டியல் இருக்கும், 'பேக்கிரவுண்ட்' என்பார்கள். அவர்கள் பக்கம் இரண்டரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நாங்கள் 'இல்லை' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தோம். ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பத்து வருஷமா இந்த லேப்ல சும்மாவா உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார். அன்று ராத்திரியே உட்கார்ந்து பழைய பூச்சு முறைகள், செல் (எலக்ட்ரோடையும் சவ்வையும் வைத்து இறுக்கும் சோதனைக் கூடு) வடிவமைப்பு, வெளியிடாத டேட்டா எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றினோம். அதில் எழுதாதது நாளைக்குத் திட்டத்தில் பிறந்ததாகிவிடும். அப்புறம் அது நம்முடையது என்று நிரூபிக்க வேண்டியது நாம்தான்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட திட்டங்களில் அந்தந்த நாடு அந்தந்தப் பக்கத்துக்குத்தான் கொடுக்கும். அவர்கள் செப்டம்பரில் ஆள் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அனுமதிக் கடிதம் அப்போதே வந்தது, பணம் வந்தது பிப்ரவரியில். மார்ச் 31-க்குள் செலவழித்து யூசி, அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ், கொடு என்றார்கள். மாதாந்திர வீடியோ காலில் 'முன்னேற்றம்' என்ற தலைப்பு வரும்போதெல்லாம் நாங்கள் கேமராவை அணைத்துவிடுவோம்.

சரி, பார்சலுக்கு வருகிறேன். சவ்வு காய்ந்தால் சுருங்கும் என்ற பயத்தில் அதையும் எலக்ட்ரோடையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, பையில் சீல் போட்டு, உள்ளே இருப்பது என்ன என்று யோக்கியமாக எழுதியும் வைத்திருந்தேன். அது அரிக்கும் திரவம், ஆபத்தான சரக்குப் பட்டியலில் யூ.என். 1814 என்ற எண்ணில் இருக்கிறது. சாதாரண கூரியரில் போகாது. ஜெர்மனியில் கேட்டபோது சிரித்துவிட்டார்கள். சவ்வை பைகார்பனேட் வடிவத்துக்கு மாற்றி, கழுவி, காயவைத்து அனுப்பு, இங்கே திரும்ப மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு மெயில் முதலிலேயே போட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

இரண்டாவது பார்சல் போனது, ஆனால் அந்தப் பக்கத்துச் சுங்கத்தில் 19 நாள் படுத்துக் கிடந்தது. இன்வாய்ஸில் மதிப்பு 'பூஜ்யம்' என்று போட்டிருந்தேன். மாதிரிதானே, விற்கவா போகிறோம்? ஆனால் சுங்கத்தின் கணக்கில் மதிப்பில்லாத பொருள் என்று ஒன்று கிடையாது. மூலப்பொருள் விலையைப் போட்டு, 'சுங்க மதிப்பீட்டுக்காக மட்டும், ஆய்வு மாதிரி, விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருக்க வேண்டும். கூடவே, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டில் இந்தப் பொருள் வராது என்று நம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம். இந்த இரண்டையும் இப்போது டெம்ப்ளேட்டாக வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது. 60 டிகிரி, சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர். எங்கள் லேபில் 1.82 வோல்ட் காட்டிய எலக்ட்ரோடு அங்கே 1.91 காட்டியது. இதில் எண் குறைந்தால்தான் நல்லது. 90 மில்லிவோல்ட் என்றால் வெளியாளுக்கு ஒன்றுமில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒரு வோல்ட்டுக்கு 26.6 யூனிட் என்று பெருக்கினால், கிலோவுக்கு கிட்டத்தட்ட 2.4 யூனிட் மின்சாரம் கூடுதல். கம்பெனிக்காரர் காதில் விழுந்தால் அது லாபநஷ்டக் கணக்கு. எங்கள் கட்டுரையின் தலைப்பே அந்த 1.82-ஐ நம்பித்தான் இருந்தது.

மெயிலில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. 'உங்கள் சோதனை முறையைக் கொஞ்சம் விரிவாகப் பகிர முடியுமா' என்று மட்டும் கேட்டார்கள். அதுவே போதும், வயிற்றைக் கலக்க. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2021-இல் எலக்ட்ரோலைசர் சோதனைக்கென்று பொது நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதை நடுவில் வைத்து, வரி வரியாக ஒப்பிடலாம் என்று முடிவானது.

வீடியோ காலில் எங்கள் செல்லைச் சுற்றி போனைக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒருவர், "தெர்மோகப்பிள் எங்கே?" என்றார். சூட்டை அளக்கும் அந்தக் கம்பி கரைசல் பாட்டிலுக்குள் என்றேன். பாட்டிலிலிருந்து செல்லுக்கு ஒன்றரை மீட்டர் டியூப். ஏசி அறை. செல்லுக்குள் தெர்மோகப்பிளைச் செருகிப் பார்த்தால் 54 டிகிரி! இத்தனை நாள் 60 என்று எழுதியதெல்லாம் பாட்டிலின் சூடு.

இதில் ஒரு வேடிக்கை. சூடு கூடினால் வோல்டேஜ் குறையும். செல்லை நிஜமாகவே 60-க்குக் கொண்டுவந்ததும் எங்கள் எண் இன்னும் 15 மில்லிவோல்ட் இறங்கியது. தப்பைத் திருத்தினால் இடைவெளி குறையும் என்று பார்த்தால், 105 ஆகிவிட்டது. கைடு இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நேரில் போவது என்று முடிவானது. விசாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தங்கும் செலவு யாருடையது, காப்பீடு யாருடையது என்று அழைப்புக் கடிதத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தேன். முதல் மூன்று நாள் லேபுக்குள் விடவே இல்லை. பாதுகாப்பு வகுப்பு, கையெழுத்து, மறுபடி வகுப்பு. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தால் போதும், பற்றிக்கொள்ளும். அங்கே ஆக்ஸிஜன் பக்கத்தில் 2 சதவீதம் ஹைட்ரஜன் தெரிந்தாலே எல்லாம் தானாக நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் லேபில் அந்த வேலையைப் பார்ப்பது ஜன்னல்.

நான்காம் நாள் செல் மாட்டினேன். எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் அண்ணன் போல்ட்டை 'கைப்பதத்துக்கு' இறுக்குவார், ரசத்துக்கு உப்பு போடுவது மாதிரி. நானும் அப்படித்தான் ஸ்பேனரை எடுத்தேன். பக்கத்தில் நின்ற மூத்த டெக்னீஷியன் ஒன்றும் சொல்லாமல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை என் கையில் வைத்தார். 5 நியூட்டன் மீட்டர், குறுக்கு வரிசை, மூன்று சுற்று. எங்கள் செல்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று 20, 30 மில்லிவோல்ட் ஆடியது ஏன் என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

ஆனால் 105-க்கு அது பதிலில்லை. பதில் கரைசல் தயாரிக்கும் மேஜையில் இருந்தது. அவர்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை அப்படியே பயன்படுத்துவதில்லை. அதில் சுத்தமான நிக்கல் ஹைட்ராக்சைடைப் போட்டுக் குலுக்கி, சில மணி நேரம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தார்கள். எதற்கு இது என்று கேட்டேன். "இரும்பை எடுக்க" என்றார் அந்த டெக்னீஷியன், பால் காய்ச்சுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

நிக்கல் மேல் இரும்பு துளி ஒட்டினாலும் ஆக்ஸிஜன் வெளியேறும் வினை வேகமெடுக்கும். 1980-களிலிருந்து தெரிந்த விஷயம். நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். உடனே ஊருக்கு போன் போட்டு ஜூனியரிடம் எங்கள் பாட்டில் லேபிளைப் படிக்கச் சொன்னேன். "அக்கா, அடியில சின்னதா இருக்கு. இரும்பு 0.001 சதவீதம்." பத்து லட்சத்தில் பத்து பங்கு. போதாக்குறைக்கு எங்கள் டியூப் இணைப்புகள் ஸ்டீல். எங்கள் சாதனையில் கணிசமான பங்கு எங்கள் எலக்ட்ரோடுடையதே இல்லை.

கைடிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது. அவர் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வேலை பழகியவர். நேரு 1948-இல் அடிக்கல் நாட்டியது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தது என்று மூச்சுவிடாமல் சொல்வார். அன்று ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "லேபிளை நாமளே படிச்சிருக்கணும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஜூலையில் திரும்பி வந்து ஸ்டீலைக் கழற்றி டெஃப்லான் மாட்டினோம், கரைசலைச் சுத்தம் செய்தோம், டார்க் ரெஞ்ச் வாங்கினோம். எங்கள் லேபில் 1.90, அங்கே 1.91. கட்டுரையின் தலைப்பை மாற்றி, இரண்டு லேப் எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அட்டவணையில் போட்டோம். பழைய எண்ணைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. கைடுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கடைசிக் கூட்டத்தில் நம் கம்பெனிக்காரர் கேட்டது, "அப்போ இரும்பைத் தெரிஞ்சே போட்டா என்ன?" அடுத்த ப்ரபோசலின் முதல் பணித்தொகுப்பு அதுதான்.

போன வாரம் மூன்றாவது பார்சல் கட்டினேன். செல்லைத் திருப்பினால், ஒர்க்‌ஷாப் அண்ணன் மாஸ்கிங் டேப்பில் பேனாவால் '5 நியூ.மீ., 3 சுற்று' என்று எழுதி ஒட்டியிருந்தார். இன்வாய்ஸில் மதிப்பு: 40 யூரோ.