சிறிய குதிரையும் டிரெஸ்ஸாஜ் ஆடும்

டிரெஸ்ஸாஜ் என்பது சவாரியாளரின் நுண்ணிய சைகைகளுக்கு ஏற்பக் குதிரை நடைபோடும் விளையாட்டு. இன்று காலை அந்தப் பயிற்சியில் கண்ணில் பட்டது ஒரு முழங்கால். 170 செ.மீ. உயரக் குதிரை, குட்டைக் கால் சவாரியாளர். தொடை அகல விரிந்து, முழங்கால் இறுகி, கீழ்க்கால் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

காலின் அழுத்தமும் குதிரைக்கு ஒரு சைகை. அந்தக் காலால் குதிரையிடம் எப்படிப் பேசுவது?

குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது, தோள்மேட்டு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) உயரத்தை விட நெஞ்சின் ஆழமும் விலாவின் உருட்சியும்தான் முக்கியம். உருண்ட விலா உள்ள 155 செ.மீ. குதிரை நீளக் காலையும் தாங்கிக்கொள்ளும். ஏறி அமர்ந்து பாருங்கள்: குதிகால் வயிற்றுக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கீழே தொங்கினால், அழுத்தம் கொடுக்கும்போதெல்லாம் குதிகாலைத் தூக்குவீர்கள், இருக்கை குலையும்.

எடை: சவாரியாளரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள். 450 கிலோ குதிரைக்கு 67 முதல் 90 கிலோ. 15-ஐ ஒட்டியே இருப்பது நல்லது.

பலர் கோட்டைவிடுவது சேணத்தில். முதுகு குட்டையாக இருந்தால் 18 அங்குலச் சேணம் கடைசி விலாவைத் தாண்டி இடுப்பில் அழுத்தும். கடைசி விலாவை விரலால் தடவிக் கண்டுபிடித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அதற்கு முன்னால் சேணம் முடிகிறதா என்று பாருங்கள்.

8 மீட்டர் வட்டத்தில் சிறிய குதிரைக்குச் சமநிலை எளிது. அதன் எட்டு போதிய நீளமா என்று அறிய, நீட்டிய டிராட்டில் (எட்டை நீட்டி வைக்கும் துள்ளுநடையில்) பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டுகிறதா என்று மணலில் பாருங்கள்.