பத்து நிமிஷ ஊர் இல்லை ராம்நாடு

ராமேஸ்வரம் போகிற பஸ் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும். அதற்குள் ஒரு டீ, ஒரு வடை, அவசரம் என்றால் பாத்ரூம். வெளியூர்க்காரர்களுக்கு ராமநாதபுரம் என்றால் அவ்வளவுதான். இன்னும் 55 கிலோமீட்டர் போனால் ராமேஸ்வரம், பாம்பன் பாலம், தனுஷ்கோடி எல்லாம் இருக்கும்போது இங்கே எதற்கு இறங்க வேண்டும் என்று நினைப்பதிலும் தப்பில்லை.

போன தை மாசம் கோயம்புத்தூரிலிருந்து அத்தை மகன் வந்திருந்தான். "மாவட்டத் தலைநகரம்னு பேருதான், பார்க்க என்ன மச்சான் இருக்கு, கருவ மரமா?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அம்மா "அரண்மனைக்குப் போறேன்" என்றால் ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். அரண்மனை என்பது எங்களுக்குக் கடைத்தெரு. அந்தப் பெயருக்குக் காரணமான கட்டடத்துக்குள் நான் முதன்முதலில் காலை வைத்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதுவும் அதற்கு முந்தைய தடவை விடுமுறை நாள் பார்க்காமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். நீங்கள் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ராமலிங்க விலாசம். போகலூரில் இருந்த தலைநகரை இங்கே கொண்டுவந்த ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, மச்சான்கூட "இவ்வளவுதானா" என்றான். உள்ளே போனதும் வாய் மூடிக்கொண்டது. சுவர், தூண், வளைவு, மேல்கூரை என்று வெறும் இடமே விடாமல் ஓவியம், பெரும்பாலும் சிவப்புப் பின்னணியில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தவை. ராமாயணம், பாகவதம் ஒரு பக்கம், சேதுபதியே கதாநாயகனாக இன்னொரு பக்கம். ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து செங்கோல் வாங்குகிறார், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார், தஞ்சாவூர் மராட்டியர்களோடு சண்டை போடுகிறார்.

அந்தச் சண்டைச் சுவர் முன்னால்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். குதிரைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன, கண் மட்டும் பெரிதாக, பயந்த மாதிரி. துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் காரை பெயர்ந்த இடத்தில் ஒரு வீரனுக்கு இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை, கால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் கை எட்டுகிற உயரத்தில் எவனோ ஆணியால் தன் பெயரையும் காதலி பெயரையும் கீறி வைத்திருக்கிறான். 300 வருஷத்துப் படத்தின் மேல்! அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்று மனசார நினைத்துக்கொண்டேன்.

கிழவன் சேதுபதி சாதாரண ஆள் இல்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி, அதாவது நாம் 'செத்தும் கொடுத்தான்' என்று சொல்கிற அதே சீதக்காதி, அவருக்கு மிக நெருக்கம். அதே ராஜாவின் காலத்தில்தான் 1693இல் ஓரியூரில் போர்த்துக்கீசியப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். ஓரியூர் மண் சிவப்பாக இருப்பது அவர் ரத்தத்தால்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

பின்னாளில் வந்த பாஸ்கர சேதுபதியை வெளியூர்க்காரர்களுக்கும் கொஞ்சம் தெரியும். விவேகானந்தர் சிகாகோ போய்விட்டு 1897 ஜனவரியில் பாம்பனில் வந்து இறங்கியபோது வரவேற்றவர் அவர்தான். சுவாமி உட்கார்ந்த வண்டியை ராஜாவே ஆட்களோடு சேர்ந்து இழுத்தார் என்பார்கள்.

சரி, அரண்மனைக்கு அரை நாள் போதும். மறுநாள் ஒரு ஆட்டோ பேசித் திருப்புல்லாணி போனோம், பத்து கிலோமீட்டர்தான். திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். ராமர் இங்கே தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறார், கடல்ராஜா வழி விடுவதற்காகக் காத்திருந்த கோலம். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்குப் பாயசம் கொடுப்பார்கள். கல்யாணமே ஆகாத மச்சான் அதைக் கேட்டு நின்றதையும் அங்கிருந்த ஒரு பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்ததையும் நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை. அலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாத கடல், முழங்கால் தண்ணீரில் ரொம்ப தூரம் நடக்கலாம். ராமேஸ்வரக் கூட்டத்தில் இடிபட்டுத் தீர்த்தமாடினவர்கள் இங்கே வந்தால் அழுதுவிடுவார்கள்.

உத்தரகோசமங்கைக்கு மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் நடை சாத்திவிடுவார்கள். மாணிக்கவாசகர் 'நீத்தல் விண்ணப்பம்' பாடிய கோவில். மரகத நடராஜரை வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும், மத்தளச் சத்தத்தைக்கூட மரகதம் தாங்காது என்பது ஊர்ப் பேச்சு. மார்கழித் திருவாதிரைக்குத்தான் காப்பைக் களைவார்கள், அன்றைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. சிவனுக்கு ஆகாத தாழம்பூவை இங்கே சாத்துவார்கள்.

மழைக்காலம் முடிந்து வந்தால் சக்கரக்கோட்டை கண்மாயை விடாதீர்கள். ஊரை ஒட்டியே பறவைகள் சரணாலயம், 2025இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. வெயிலில் வந்தால் தண்ணீர் இருக்காது, பதிலுக்கு வழியெல்லாம் முண்டு மிளகாய் காயப் போட்டிருப்பார்கள், கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, கண்ணெரிய. அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஊருக்குப் போகிற அன்றைக்கு மச்சான் கீழக்கரை தொதல் என்கிற இனிப்பு அரை கிலோ வாங்கினான். ரயில் மானாமதுரை தாண்டும் முன்பே போன் வந்தது.

"மச்சான், தொதல் தீர்ந்துருச்சு. அந்தச் சண்டைப் படத்துல கால் மட்டும் ஓடுதே, அவன் எந்தப் பக்கத்து ஆளு?"

எனக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.