வெறியென்று சந்தேகம் வந்தால்: ஊதவைக்க முன் எழுதவேண்டியது

யாழ்ப்பாணத்தில் கராஜ், அரிசி மில், ஐஸ் ஆலை, பஸ் என்று எந்த வேலையிடமானாலும், குடித்திருக்கிறார் அல்லது போதைப்பொருள் எடுத்திருக்கிறார் என்ற சந்தேகத்தின் பேரில் ஒரு தொழிலாளியைப் பரிசோதித்தால் பிறகு கைகொடுப்பது, மூச்சை அளக்கும் கருவியில் ஊதவைக்க முன் எழுதிய அரைப்பக்கக் குறிப்புத்தான். மெஷின் காட்டிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போகும் நிர்வாகம், "என்னை ஏன் பிடிச்சனீங்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே திணறும்.

"வெறியில நிண்டவர்" என்று எழுதுவது தீர்ப்பு. கண்டதை எழுதவேண்டும்: காலை 7.40, லேத் மெஷினடி, சுவரைப் பிடித்து நடந்தார், கண் சிவந்திருந்தது, பேச்சுக் குழறியது, ஓரடி தூரத்தில் சாராய மணம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக எழுதினால் நல்லது. கன்ரீனில் கேட்ட கதையும், போன வருடம் பிடிபட்டவர் என்ற பழைய கணக்கும் அதில் வரக்கூடாது.

எழுதும்போதே ஆளை மெஷினடியிலிருந்து விலக்கி இருத்துங்கள். எங்கள் ஊரில் நீரிழிவுக்காரர் இல்லாத வேலையிடம் குறைவு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தள்ளாட்டம், வியர்வை, குழறல், எரிச்சல் எல்லாம் அப்படியே வெறிபோலத் தெரியலாம். சீனி மிகவும் ஏறி, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீற்றோன் (அசற்றோன் அதில் ஒன்று) கூடினவரின் மூச்சிலும் பழ மணம் வரும். ஆகவே முதலில் விரலில் குத்திச் சீனி பாருங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, பரிசோதனையை விட்டுவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஊதும் கருவியில்தான் பிழைகள் கூட. வாயில் மிஞ்சிய மதுசாரம் எண்ணை ஏற்றிவிடும். வாய் கொப்பளிக்கும் மருந்தும் அரிஷ்டமும் அதையே செய்யும். வெற்றிலையைத் துப்பவைத்து, தண்ணீரால் கொப்பளிக்கவைத்து, 15 நிமிடம் ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல், புகைக்காமல் கண்முன்னே இருத்திய பிறகே ஊதவைக்கவேண்டும். அந்த அறையில் கைக்குச் சனிற்றைசர் பூசவும் வேண்டாம். மலிவான குறைகடத்திக் கருவிகள் அசற்றோனையும் மதுசாரமாக எண்ணும். எரிபொருள்கல வகையில் அந்தத் தொல்லை இல்லை. எந்த வகையானாலும் அளவு திருத்திய திகதி பதிவில் இருக்கட்டும்.

அலகையும் பாருங்கள். இலங்கையில் சாரதிக்கான எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். அதையே ஒரு கருவி 0.08 (100 மில்லிலீற்றருக்குக் கிராம்) என்று காட்டும், இன்னொன்று லீற்றருக்கு 0.8 கிராம் என்று காட்டும், மூச்சை அளப்பது ஏறத்தாழ 0.38 (ஒரு லீற்றர் மூச்சுக்கு மில்லிகிராம்) என்று காட்டும். 0.38ஐக் கண்டு "ஐந்து மடங்கு வெறி" என்று கடிதம் அடித்தால், பிறகு அதை நீங்களே கிழிக்கவேண்டிவரும். சாரதி எல்லை வேலையிட எல்லையாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் 0.02இலேயே ஆளை வேலையிலிருந்து விலக்குவார்கள், 0.04இல் அது மீறல். உங்கள் எல்லை எது என்பதை முன்கூட்டியே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும். பரிசோதனைக்கு மறுத்தால் என்ன நடக்கும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். மறுத்த நேரத்தைக் குறியுங்கள்.

100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மதுசாரம் மணித்தியாலத்துக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இறங்கும். நடுச்சாமத்தில் 150இல் இருந்தவர் காலை 6 மணிக்கு ஏறக்குறைய 60இல் நிற்கலாம். முகாமையாளர் வரட்டும் என்று மத்தியானம்வரை காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். பிந்தினால் ஏன் என்று எழுதுங்கள்.

போதைப்பொருளுக்கான சலப் (சிறுநீர்) பரிசோதனை வேறு கதை. சலம் எடுத்து 4 நிமிடத்துக்குள் வெப்பம் 32 முதல் 38 பாகைக்குள் இருக்கவேண்டும். குளிர்ந்திருந்தால் போத்தலில் கொண்டுவந்ததோ தண்ணீர் கலந்ததோ என்று யோசிக்கவேண்டும். சலத்தில் தோய்க்கும் பரிசோதனைப் பட்டியில் ஒரு போதைப்பொருளுக்குரிய கோடு வந்தால் அது இல்லை, வராவிட்டால் சந்தேகம். மங்கலான கோடும் கோடுதான். "கோடு மங்கல், அப்ப கொஞ்சம் எடுத்திருக்கிறார்" என்பது அடிக்கடி நடக்கும் பிழை. பட்டி ஒழுங்காக வேலைசெய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே இல்லையென்றால் அந்தப் பட்டி குப்பைக்கு.

பட்டி ஒரு சல்லடை மாத்திரமே. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவரையும் அது ஹெரோயின் பக்கம் தள்ளிவிடும். சலத்தை இரண்டு போத்தலில் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றை ஆய்வுகூட உறுதிப்படுத்தலுக்கு அனுப்பாமல் எவரையும் வேலையிலிருந்து நீக்கக்கூடாது. தொடர்ந்து கஞ்சா புகைப்பவருக்கு வாரக்கணக்கில் அது சலத்தில் தங்கும். ஆகவே அந்த முடிவு இன்று காலை அவர் மயக்கத்தில் நின்றார் என்பதைக் காட்டாது, உங்கள் குறிப்புத்தான் காட்டும். மறுபக்கம், இங்கே இளம் பெடியளிடம் புழங்கும் பிரிகபலின் என்ற நரம்புவலி வில்லைகளை, ஐந்து வகைப் போதைப்பொருளை மட்டும் பார்க்கும் சாதாரணப் பட்டி கண்டுபிடிக்காது.

முடிவு எப்படியிருந்தாலும் அவரை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆள் கூட்டி ஓட்டோவில் அனுப்புங்கள். ஒழுக்காற்று நடவடிக்கையாக வேலையிலிருந்து நீக்கினால், வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும் இடங்களில், நீக்கிய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடியமுன் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். தொழிலாளிக்குத் தொழில் நியாயமன்றம் போக 6 மாதம் உண்டு. ஒன்றுமில்லை என்று வந்தால் அந்த மணித்தியாலங்களுக்குச் சம்பளம் வெட்டாமல், குறிப்பை உறையிலிட்டு ஒட்டி, அவரது பொதுக் கோப்பில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.